சுவருக்கு அடியில் வரும் எர்த் கம்பி

வித்யா,

நேற்று சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். ஓசூரில் பிடித்திருக்கும் வாடகை வீட்டில் உன் மீன் தொட்டியை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதாம், பிளக் பாயிண்டும் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதாம். "எர்த் இருக்கா?" என்று கேட்டேன். "பாத்துட்டு சொல்றேன் மாமா" என்றார். இருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் பார்த்துச் சொல்கிறேன் என்றாரே, அந்த ஒரு பதிலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. எனக்கு ஒருவரைப் பிடிப்பது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

போனை வைத்த பிறகுதான் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நேரில் சொன்னால் பாடம் எடுக்கிறேன் என்று நீயும் உன் அம்மாவும் கண்ணாலேயே பேசிக்கொள்வீர்கள். முப்பது பிள்ளைகள் கொட்டாவி விட இயற்பியல் நடத்தியவனுக்கு அது புதிதில்லை என்றாலும், சொந்த வீட்டில் அதைத் தாங்க முடிவதில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்து அலமாரியில் இருக்கிறது. "பெரியப்பாவுக்கு நீங்களே போயி வைப்பீங்களா, மாட்டீங்களா?" என்று இந்த வாரத்தில் நீ பலமுறை கேட்டுவிட்டாய். ஒவ்வொரு முறையும் நான் செய்தித்தாளை மறுபக்கம் திருப்பினேன். அந்தக் கேள்விக்கான பதிலும் உன் மீன் தொட்டியும் எனக்கு ஒரே விஷயமாகிவிட்டன. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். நம் ஊரில் எத்தனையோ வீடுகளின் ஹாலில் ஒரு தொட்டி பளபளத்துக்கொண்டிருக்கிறது. யாருக்காவது இதைப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கொடு.

அந்தத் தொட்டி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று நீ என்னிடம் கேட்டதே இல்லை. உனக்கு நினைவு தெரியும் முன்பு அங்கே ஒரு கதவு இருந்தது. உன் தாத்தா கட்டிய ஒரே வீடு. அவர் போன பிறகு நானும் உன் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டோம். நடுவில் சுவர் எழும்பியது, கதவு இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கிணறு அவர் பக்கம் போயிற்று. வீட்டின் எர்த் கம்பி மண்ணில் இறங்குகிற, கிணற்றங்கரையில் இருந்த எர்த் குழியும் அவர் பக்கம் போயிற்று. கிணற்றைப் பொதுவில் விடலாம் என்று நான் சொன்னதற்கு, "பொதுவுல உட்டா சண்டதான் வரும்" என்றார். சண்டை வந்தே விட்டது. கிணறு விஷயத்தில் அவர் செய்தது தப்பு. இதை இப்போதும் சொல்வேன், இந்தக் கடிதத்தின் கடைசி வரியைப் படித்த பிறகும் நீ என்னிடம் கேட்டால் அதையேதான் சொல்வேன். அடைத்த கதவின் தடம் சுண்ணாம்புக்கு மேலேயும் தெரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நீ எட்டாம் வகுப்பில் மீன் வேண்டும் என்று அழுதபோது, கடையிலேயே பெரிய தொட்டியாகப் பார்த்து வாங்கி, இரும்பு ஸ்டாண்டோடு அந்தத் தடத்தை மறைத்து வைத்தேன். உனக்காக வாங்கினேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். பாதிதான் உண்மை.

எர்த் குழியின் கதை அதைவிடக் கேவலம். கம்பியை அண்ணன் அறுத்துவிட்டிருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். போய்ப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. என் பக்கத்தில் புதிதாக ஒரு குழி தோண்ட ஒரு நாள் வேலைதான். ஆனால் தோண்டினால் அவர் செய்தது சரி என்று நான் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று நினைத்தேன். வகுப்பில் எர்த்திங் பற்றிப் படம் போட்டு நடத்திவிட்டு, எர்த் இல்லாத வீடு என்று நான் நம்பிய வீட்டுக்கு வந்து மூன்று பின் பிளக்கைச் செருகிக்கொண்டிருந்தேன். எனக்கு ஜூனியராக இருந்தவரைத் தலைமை ஆசிரியர் ஆக்கியபோது, படித்தவனுக்கு இந்த ஊரில் மதிப்பில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தப் படிப்பு என் வீட்டுச் சுவருக்குள்ளேயே வரவில்லை என்பதை யாரும் கவனிக்காமல் போனது என் அதிர்ஷ்டம்.

போன மார்கழியில் ஏஞ்சல் மீன்களுக்கு உடம்பெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்தது. தண்ணீரைக் கொஞ்சம் சூடாக வைத்தால் சரியாகும் என்று கடைக்காரர் கண்ணாடிக் குழாய் போன்ற ஒரு ஹீட்டரைக் கொடுத்தார். மீன்களுக்குச் சரியாயிற்று. ஒரு வாரம் போயிருக்கும், காலையில் தீனி போட்டுவிட்டு, மிதந்த இலையை எடுக்கத் தண்ணீரில் கைவிட்ட நீ வெடுக்கென்று எடுத்தாய்.

"ப்பா, தண்ணி சுருக்குனு குத்துது."

"விரல்ல காயம் இருக்கும், பாரு."

"காயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கரண்ட் அடிக்குதுப்பா."

உன் அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து முழங்கை வரைக்கும் கையை விட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியலயே. கரண்ட் இருந்தா மொதல்ல மீனுங்க செத்துருக்காதா? அதுங்க பாட்டுக்கு சுத்திட்டு இருக்குதுங்க. வேலைக்குக் கெளம்பாம இருக்கறதுக்கு ஒரு சாக்கு வேணும் உனக்கு."

நானும் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அன்றைக்கு மத்தியானம் பள்ளி ஆய்வகத்திலிருந்து மீட்டரைக் கொண்டுவந்து அளந்தேன். கொஞ்சம் வோல்ட் காட்டியது. பம்ப்பும் விளக்கும் பக்கத்தில் ஓடும்போது தண்ணீரில் இப்படி ஒரு வெற்று வோல்டேஜ் தெரிவது உண்டு, அதற்குப் பின்னால் ஆளை அடிக்கும் அளவுக்குக் கரண்ட் இருக்காது. அது உண்மைதான். அந்த உண்மையை உனக்கு அரை மணி நேரம் விளக்கினேன். நீ முழுவதும் கேட்டுவிட்டு, "சரிப்பா, ஆனா காலைல குத்துச்சே" என்றாய். அந்த ஒரு வரியை நான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது யோசித்தால் எல்லாம் தெளிவாக இருக்கிறது. உன் அம்மாவுக்குக் குதிகால் வலி, டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு. டைல்ஸ் சில்லிடுகிறது என்று நானும் ஒரு ஜோடி மாட்டிக்கொண்டேன். நம் வீட்டில் வெறும் காலோடு நடக்கிற ஆள் நீ ஒருத்திதான். அதுவும் உன் அம்மா தரையைத் துடைத்துவிட்டுப் போன ஈரத்தில். தண்ணீரில் இருந்த கரண்டுக்குத் தரைக்கு இறங்க வழி உன் உடம்பு மட்டும்தான். ரப்பரில் நின்ற எங்களுக்கு அது தெரியவே இல்லை. மீன்களுக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவை தரையைத் தொடவே இல்லை, மின்கம்பியில் உட்கார்ந்த காக்கையைப் போல அதற்குள்ளேயே மிதந்துகொண்டிருந்தன. ஹீட்டரின் மூடியில் அப்போதே லேசான கசிவு இருந்திருக்கும், அதுவோ குளிர்ந்த காலையில்தான் வேலை செய்யும். நான் அளந்தது மத்தியான வெயிலில், அது தூங்கிக்கொண்டிருந்தபோது. செருப்புப் போட்ட இரண்டு பேர் சேர்ந்து, செருப்புப் போடாதவளுக்கு ஷாக் அடிக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னோம்.

தை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவ நாம் மூன்று பேரும் சேர்ந்து பாதித் தண்ணீரை இறைத்தோம். ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே நின்றபடி காய்ந்துகொண்டிருந்தது, அதை அணைக்க மூன்று பேருக்கும் தோன்றவில்லை. பிறகு குளிர்ந்த தண்ணீரை ஊற்றினோம். கண்ணாடியில் மயிரிழை போல விரிசல் விட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். மறுநாள் காலை நீ இடது கையால் இரும்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த செடியை நட வலது கையை உள்ளே விட்டாய்.

உன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் உன்னுடையதாக இல்லை. கை வெளியே வரவில்லை. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு உன்னை இழுக்க ஓடினேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா கத்தினாள்: "தொடாதீங்க! அவளைத் தொடாதீங்க!" என் கை உன் தோளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் கதவோரத்து மெயினை அடித்து அணைத்தாள். வீடு முழுக்க மின்விசிறிகள் ஓய்ந்தன. நீ அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாய். உதடு வெளுத்திருந்தது. நீ பேசிய முதல் வார்த்தை: "மீனுங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

உன் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டே திட்டினாள். "மீனாம் மீனு! எரும, எங்க உசுரே போயிருக்கும்!" பிறகு என்னைப் பார்த்தாள். என்னையும் திட்டியிருந்தால் தேவலை. டாக்டர் இதயத்தைப் பரிசோதித்து ஒன்றும் இல்லை என்று சொல்லும் வரைக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. என் வாழ்க்கையில் யாரையும் குறை சொல்லாமல் கழிந்த காலை அது ஒன்றாகத்தான் இருக்கும். உன்னைத் திருப்பிக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், கிடைத்த எல்லோருக்கும் சொன்னேன். டோக்கன் கொடுத்த பெண்ணுக்குக்கூடச் சொன்னேன். அவள் பயந்துவிட்டாள்.

அந்த வாரமே எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஆர்.சி.சி.பி. போடச் சொன்னேன். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் கொஞ்சம் வித்தியாசப்பட்டாலும் கண் இமைப்பதற்குள் இணைப்பை அறுத்துவிடும் சின்னப் பெட்டி அது. பிரேக்கர் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நம்பாதே. பிரேக்கர் வயரைக் காப்பாற்றும், இதுதான் ஆளைக் காப்பாற்றும். தொட்டித் தண்ணீரில் ஒரு டைட்டானியம் கம்பியை நிறுத்தி அதை எர்த்தோடு சேர்க்க வேண்டும் என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு, "ஆனா எங்க வீட்ல எர்த் கெடையாது, புதுசா குழி போட்டுடுங்க" என்றேன். அவர் பிளக் பாயிண்டின் எர்த் ஓட்டையில் வயரை வைத்து ஒரு பல்பைப் பிடித்தார். பளிச்சென்று எரிந்தது.

"எர்த் ஜோரா இருக்குது சார். எதுக்குக் குழி?"

"எங்க பக்கம் குழியே இல்லயே?"

"குழி அந்தப் பக்கம் இருக்கும். கம்பி செவுத்துக்கு அடியில வருது. நம்மூரு மண்ணு பாறை, ஒரு கோடை தாண்டுனா காஞ்சி செத்துப்போயிரும். இது ஈரமா இருக்குது. யாரோ தண்ணி ஊத்திட்டு வராங்க."

நீதான் செருப்புக்கூடப் போடாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு ஓடினாய். சாப்பாட்டு நேரத்தில் திரும்பி வந்து, ரசத்தை ஊற்றிக்கொண்டே அவர் பேசியதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாய். "ஆமா, நான்தான் ஊத்துறேன். சாய்ந்தரம் செடிக்கு ஊத்துறப்போ அதுக்கும் ஒரு பக்கெட்டு. ரெண்டு வீட்டுக்கும் அது ஒண்ணுதானே? காய உட்டா எனக்கு மட்டுமா அடிக்கும்? உங்கப்பன்கிட்ட சொல்லிடாத. சொன்னா நாளைக்கே கடப்பாரையோட வேற குழி தோண்ட ஆரம்பிச்சிடுவான்."

உன் அம்மா புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் நீ சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உண்மையாகவே கடப்பாரை நினைவுக்கு வந்துவிட்டது. என்னை இவ்வளவு நன்றாகத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அப்போதும் நான் போகவில்லை. எர்த் நன்றாக இருப்பது அவர் கடமை, பாகப் பிரிவினையில் குழியை எடுத்துக்கொண்டவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எனக்குள் ஒரு வாதம் வைத்திருந்தேன். அந்த வாதத்தை உடைத்தது அக்னி நட்சத்திரம். ஊரே அடுப்பு போல இருந்த நாட்களில் ஒரு காலை எழுந்து வந்தால் தொட்டி விளக்கு எரியவில்லை, பம்ப் ஓடவில்லை, ஆர்.சி.சி.பி. பெட்டியின் விசை கீழே விழுந்து கிடந்தது. நீ பல் விளக்கிக்கொண்டே தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாய். "நில்லு!" என்று நான் கத்தியதில் பிரஷ் கீழே விழுந்தது. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தோம். பம்ப்பைச் செருகியதும் விசை மறுபடி விழுந்தது. அதன் உறை தேய்ந்து உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது.

இதைக் கவனமாகப் படி. அந்தப் பெட்டி மட்டும் இருந்து எர்த் இல்லாமல் இருந்தால், கசிவு தண்ணீரிலேயே காத்துக்கொண்டிருக்கும். நீ கைவிட்ட பிறகு, உன் உடம்பு வழியாகக் கரண்ட் இறங்கிய பிறகுதான் விசை விழும். பெரும்பாலும் பிழைத்துக்கொள்வாய், ஆனால் முதலில் அடிபடுவது நீ. எர்த் உயிரோடு இருந்ததால் கசிவு தொடங்கிய உடனே, தொட்டிக்குள் நிறுத்திய டைட்டானியம் கம்பி வழியாகச் சுவருக்கு அடியில் போய், அந்த ஈரக் குழியில் இறங்கி, விசையை விழவைத்தது. நாம் தூங்கிக்கொண்டிருந்தபோதே வேலை முடிந்துவிட்டது. மழை கண்ணிலேயே படாத அந்த மாதத்தில் மண்ணில் ஈரம் இருந்தது என்றால், முந்தின சாயங்காலமும் ஒருவர் வாளியைத் தூக்கியிருக்கிறார் என்று அர்த்தம். அவருக்கு முழங்கால் வலி. என்னோடு பேச்சு இல்லை. என் தரப்பிலிருந்து ஒரு நன்றி வரும் என்று எதிர்பார்க்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஓசூரில் வீட்டுக்காரரிடம் எர்த்தும் அந்தப் பெட்டியும் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதே. புது மருமகள் வந்ததும் வயரிங்கைக் குறை சொல்கிறாள் என்று யாராவது சொன்னால், அப்பா ஒரு மாதிரி ஆள் என்று என் மேலே பழியைப் போடு, எனக்குப் பழக்கம்தான். தண்ணீரில் கைவைக்கும் முன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கு. வாடகை வீட்டில் சுவிட்ச் கரண்ட் வரும் கம்பியை அறுக்கிறதா, திரும்பிப் போகும் கம்பியை அறுக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. வயரை நேராக பிளக்குக்கு இழுக்காதே, நடுவில் தாழத் தொங்கவிட்டு மேலே கொண்டுபோ. வழிகிற தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும், போர்டுக்குள் ஏறாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொட்டிக்குக் கீழே தரையில் போடாதே. தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை முதலில் அணைத்து, ஆறவிடு. ஆர்.சி.சி.பி. பெட்டியில் ஒரு சோதனைப் பட்டன் இருக்கும். நான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதை அழுத்திப் பார்க்கிறேன், கிரிவலக் கூட்டம் பஸ் ஸ்டாண்டை நிறைக்கும்போது தானாக நினைவு வந்துவிடும். ஓசூரில் அந்தக் கூட்டம் இருக்காது. நீ நிலவைப் பார்த்துக்கொள். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வீட்டில் யாராவது குத்துகிறது என்று சொன்னால், உனக்குக் குத்தவில்லை என்பதை ஒரு பதிலாகச் சொல்லாதே. முதலில் உன் காலில் என்ன இருக்கிறது என்று பார். மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. இது மீன் தொட்டிக்கு மட்டும் இல்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இன்று சாயங்காலம் நீ தையற்கடைக்குப் போயிருந்தபோது, நானும் உன் அம்மாவும் தாம்பூலத் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போனோம். அவர் பெயரை உன் அம்மா என்னைக் கேட்காமலேயே பத்திரிகையில் அச்சிட்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டும் நான் சண்டை போடாததை வைத்தே அவள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருப்பாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். உன் பெரியப்பா கிணற்றங்கரையில் வாளியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இன்னா, வழி தெரிஞ்சுதா?"

"வித்யாவுக்குக் கல்யாணம். பத்திரிக வெக்க வந்தோம்."

"தெரியும். எப்பவோ சொல்லிட்டா. அங்க வெய்யி, கை ஈரமா இருக்குது."

தட்டை உன் அம்மா உன் பெரியம்மாவிடம் கொடுத்தாள். இருவரும் உள்ளே போய்விட்டார்கள். வேண்டுமென்றேதான் போனார்கள். நானும் அவரும் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நன்றி சொல்ல வேண்டும் என்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன். "குடு" என்று வாளியை வாங்கினேன். ஊற்ற ஆரம்பித்தேன்.

"மெதுவா ஊத்து. ஒரேடியா கொட்டுனா மேலயே ஓடிடும்."

"எர்த் குழிக்குத் தண்ணி ஊத்த எனக்கு நீ சொல்லித் தரணுமா?"

"ஆமா," என்றார். "இத்தினி வருஷமா நான்தானே ஊத்துறேன்."

மெதுவாகவே ஊற்றினேன். குழியைச் சுற்றி மண் சேறாகி என் பாதத்துக்குக் கீழே இளகியது. வெறும் காலோடு நான் கடைசியாக எப்போது ஈர மண்ணில் நின்றேன் என்று நினைவில்லை. அவர் என் கையிலிருந்து காலி வாளியை வாங்கிக்கொண்டு, "அவ மீனுங்களையும் எடுத்துட்டுப் போறாளா?" என்று கேட்டார். போகிறாள் என்றேன். "அங்க எர்த்து இருக்குதானு கேட்டியா?" என்றார்.

கேட்டுவிட்டேன், வித்யா. நீயும் கேள். குழி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதே. அதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேள். யாரும் இல்லை என்றால் சாயங்காலம் ஒரு வாளி எடுத்துக்கொண்டு நீயே போ. பக்கத்து வீட்டுக்கும் அது ஒன்றாகவே இருக்கலாம்.

அப்பா